ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சீட்டு

நமது ஊராகிய மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-ஆம் ஆண்டில் ஒரு சிறு இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1913-இல் அது ஓசூர் வரை நீண்டது, 1941-இல் மூடப்பட்டது. பெரும்பாதையின் அகலம் 5 அடி 6 அங்குலம். சிறுபாதையின் அகலம் 2 அடி 6 அங்குலம். ஆகவே பெருவண்டியில் வந்த மூட்டைகளை இறக்கிச் சிறுவண்டியில் ஏற்றுதல் வேண்டும். எம்மூட்டை எவ்வூர்க்கு என்பதை அதனதன்மேற் கட்டிய சீட்டே கூறவல்லது.

கணிப்பொறி நூல் பயிலுங்கால் சர்வர் என்னும் நிரல் நமக்கு இச்சந்திப்பையே நினைவூட்டிற்று. அது சாக்கெட் என்னும் வாயிலிற் காத்திருக்கும். வருவார் ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் கிடைக்கும். ஒருவரோடு உரையாடிக்கொண்டே நின்றால் ஏனையோர் காத்துக் கிடப்பர். ஆதலின், வந்தவரைத் த்ரெட் என்னும் இழையொன்றிடம் ஒப்புவித்து, வாயிற்பணிக்கு மீளும்.

ஒப்புவிக்கும் முறையிலேதான் நுட்பம் உளது. சி மொழியில் இழையைப் படைக்குங்கால், அதற்கென நாம் கொடுக்கக்கூடியது ஒரே ஒரு நினைவக முகவரி. எண்ணைத் தாங்கிய மாறியின் முகவரியையே கொடுத்துவிட்டால் என்னாகும்? இழை எப்பொழுது விழிக்கும் என்பது இயக்க முறைமையின் விருப்பம். அதற்குள் அடுத்தவர் வந்தால், அம்மாறியில் 4 அழிந்து 5 எழுதப்படும். மூட்டைகள் செல்லும் ஊரையெல்லாம் ஒரே சிலேட்டில் அழித்தழித்து எழுதிக் கூலியாட்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது போன்றதே இது.

ஆய்வுக்கூடத்தில் வேண்டுமென்றே இவ்வாறு எழுதி, இழையின் தொடக்கத்தில் சிறு தாமதமும் வைத்து, நண்பர் இருவரை ஒருங்கே அழைக்கச் செய்தோம். ஒருவர் திரையில் விடை இருமுறை தோன்றிற்று. மற்றவர் திரை வெறுமையாய் நின்றது. தனித்தனியே அழைத்தபோதோ குறையொன்றும் காணப்படவில்லை! தனியொருவர் சோதனையில் இப்பிழை ஒளிந்துகொள்ளும். கூட்டம் பெருகும் நாளில் வெளிப்படும்.

பரிகாரம் எளிது. வருவார் ஒவ்வொருவர்க்கும் மாலாக் என்னும் செயலால் நினைவகத்தில் தனியிடம் பெற்று, அதில் எண்ணை எழுதி, அவ்விடத்தின் முகவரியை இழையிடம் கொடுத்தல் வேண்டும். இழை அதனைப் படித்தபின் தானே விடுவித்தல் வேண்டும். வாயிலோன் முந்தி விடுவித்தால் இழை பிறர் பொருளைப் படிக்கும். எவரும் விடுவியாவிடின் நினைவகம் நாளடைவில் நிரம்பும்.

இஃது ஏட்டு நுணுக்கமே என்பர் சிலர். நாம் அவ்வாறு கருதுகிலோம். மறுமுனையிற் காத்திருப்பவன், தேர்வு முடிவை நாடிய நம்மூர் மாணவனாயிருக்கலாம். அவனுக்குரிய விடை பிறனிடம் சென்றால், விரைவினால் விளையும் பயன் யாது, நேயர்காள்?