‘காட்டுல இருக்கேனுங்க!’ - நாமகிரிப்பேட்டைக்கு அழைக்காமல் வரும் விருந்தாளிகள்

நாமகிரிப்பேட்டைக்காரர் ஒருவருக்கு போன் போட்டு ‘எங்க இருக்கீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘காட்டுல இருக்கேனுங்க’ என்று சாவகாசமாகப் பதில் வரும். சென்னையிலிருந்து இங்கே புதிதாக வாழ வந்த மருமகள் என்றால் ஒரு நிமிடம் பதறித்தான் போவார். பதற வேண்டியதில்லை. சேலம், நாமக்கல் பக்கம் காடு என்றால் விளைநிலம். மஞ்சள் போட்டால் அது மஞ்சக்காடு, சோளம் போட்டால் சோளக்காடு. நிலத்திலேயே வீடு கட்டிக் குடியிருந்தால் அது காட்டுக்கொட்டாய். மரமும் மிருகமும் இருக்கிற நிஜக் காட்டுக்கு இங்கே ‘மலை’ என்றுதான் பெயர்.

மனிதர்களுக்கு இந்தக் கணக்கு தெளிவாகப் புரிகிறது. குரங்குக்கும் மயிலுக்கும் பன்றிக்கும்தான் புரியவில்லை. அவற்றைப் பொறுத்தவரை மலையும் காடுதான், மஞ்சக்காடும் காடுதான். கொஞ்சம் அசந்தால் சமையலறையும் காடுதான்.

ராசிபுரத்திலிருந்து ஆத்தூர் போகும் சாலையில் சுமார் 10 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது நாமகிரிப்பேட்டை. நாதஸ்வர மேதை நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனின் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஊர். மஞ்சள் வியாபாரிகளுக்கோ இது ஏல ஊர். விரலி, உருண்டை, பனங்காளி என்று மூன்று ரகமாகப் பிரித்து மூட்டைகளை அடுக்கியிருப்பார்கள். ஊரின் ஒரு பக்கம் கொல்லிமலை, இன்னொரு பக்கம் போதமலை. தேர்தல் நேரத்தில் வாக்குப்பதிவு இயந்திரங்களைத் தலைச்சுமையாகத் தூக்கிப்போன படத்தைப் பேப்பரில் பார்த்திருப்பீர்களே, அதே போதமலைதான். இரண்டு மலைக்கும் நடுவில் மஞ்சள், குச்சிக்கிழங்கு, சோளம், நிலக்கடலை, வாழை, பாக்கு என்று வகை வகையாகப் பந்தி விரித்து வைத்தால், மேலே இருப்பவர்கள் இறங்கி வராமல் என்ன செய்வார்கள்?

முதல் வரிசை விருந்தாளி குரங்கு. ஆத்தூர் சாலையில் மெட்டாலா கணவாய் ஆஞ்சநேயர் கோயில் இருக்கிறது. அந்த வழியாகப் போகும் வண்டிகள் நின்று, கும்பிட்டுவிட்டுத்தான் கிளம்பும். சாமிக்கு வாழைப்பழம் உடைத்துவிட்டு, மிச்சத்தை வெளியே குரங்குக்குப் போடுவதும் புண்ணியக் கணக்கில் சேர்ந்துவிட்டது. கொல்லிமலைக்குக் காரவள்ளி வழியாக ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுச் சாலையிலும் இதே கதைதான். ‘குரங்குகளுக்கு உணவு போடாதீர்கள்’ என்று எழுதிய போர்டுக்குக் கீழேயே காரை நிறுத்தி சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிப்பவர்கள் உண்டு.

இதன் பலன் ஊருக்குள் தெரிகிறது. கையில் பிளாஸ்டிக் கவர் வைத்திருந்தால் அதில் தின்பண்டம் இருக்கிறது என்று குரங்குக்குத் தெரியும். பள்ளிக்கூடப் பை எது, மளிகைப் பை எது என்ற வித்தியாசமும் அதற்குத் தெரியும். ஓட்டு வீட்டில் ஓட்டைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே இறங்குகிறது. மொட்டைமாடியில் வடகம் காயப்போட்ட ஆயா, கையில் கோலோடு குடையைப் பிடித்துக்கொண்டு காவல் இருக்க வேண்டியிருக்கிறது. அவர் ஒரு பக்கம் விரட்டும்போது, இன்னொரு பக்கமாக வந்து ஒரு பிடி அள்ளிக்கொண்டு தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. அதே குரங்கு, பிஸ்கட் பாக்கெட்டோடு நிற்கும் நாலு வயதுக் குழந்தையின் முன்னால் வந்து பல்லைக் காட்டும்போது யாருக்கும் சிரிப்பு வராது.

தலையில் தொப்பி வைத்தது போல முடி வகிடெடுத்திருக்கும் இந்த நாட்டுக் குரங்கு, தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதாவது, புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு வடகம் திருடும் குரங்குக்கும் உண்டு. புகார் கொடுத்தால் வனத்துறையினர் கூண்டு வைத்துப் பிடித்து மலையில் கொண்டுபோய் விடுவார்கள். ஆனால் ஊரில் பழமும் குப்பையும் அப்படியே கிடந்தால், காலியான இடத்துக்கு அடுத்த கூட்டம் வர அதிக நாள் ஆகாது.

குரங்கிடம் மாட்டிக்கொண்டால் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். அதன் கண்ணைப் பார்த்து முறைக்காதீர்கள். குரங்கு பாஷையில் அது சண்டைக்குக் கூப்பிடுவது. கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு மெதுவாகப் பின்வாங்குவதுதான் நல்லது. கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விட வேண்டும். ‘கொஞ்சூண்டு கீறல்தானே’ என்று மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது, நாமகிரிப்பேட்டை மஞ்சளாகவே இருந்தாலும்.

மயில் கதை வேறு மாதிரி. இருபது, முப்பது வருடங்களுக்கு முன்பு மயில் பார்க்க வேண்டும் என்றால் முருகன் கோயிலுக்கோ மிருகக்காட்சி சாலைக்கோ போக வேண்டும். இப்போது விடியற்காலையில் அலாரம் வைக்கத் தேவையில்லாத அளவுக்கு வீட்டுக் கூரையிலேயே அகவுகிறது. இது ஒரு ஊரின் பிரமை இல்லை. இந்தியப் பறவைகளின் நிலை குறித்து 2023-ல் வெளியான அறிக்கை, நாட்டில் வேகமாகப் பெருகிவரும் பறவைகளில் மயிலும் ஒன்று என்கிறது. சீமைக்கருவேலம் மண்டிய தரிசு நிலம் அதற்கு நல்ல மறைவிடம். முட்டையையும் குஞ்சையும் தின்றுகொண்டிருந்த குள்ளநரியோ ஊர்ப்பக்கம் அருகிவிட்டது.

பைக் கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தை எதிரி என்று நினைத்து ஆண் மயில் கொத்திக் கொத்திச் சண்டை போடுவதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கலாம். ஆனால் நிலக்கடலை விதைத்த மறுநாள், விதை போட்ட வரிசையிலேயே நடந்து ஒவ்வொன்றாக அது கிளறித் தின்பதைப் பார்க்கும் விவசாயி வீடியோ எடுக்கும் மனநிலையில் இருக்க மாட்டார். தேசியப் பறவை, முருகனின் வாகனம், முதல் அட்டவணை என்று அதற்கு மூன்று அடுக்குப் பாதுகாப்பு. விஷம் வைத்தால் ஜெயில். விதைத்த காட்டில் பளபளக்கும் ரிப்பனைக் கட்டிவிட்டு, தகரத்தைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் மிச்சம்.

இவர்கள் எல்லாம் சத்தம் போட்டுக்கொண்டு வருபவர்கள். சத்தம் இல்லாமல் வருபவரைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

தை, மாசியில் மஞ்சள் அறுவடை. தழையை அறுத்து, கிழங்கை வெட்டி, வேகவைத்து, காயவைத்து, மூட்டை கட்டுவது வரை வேலை நீளும். அடர்ந்த தழைக்குள் கையை விட்டு அரியும்போதும், களத்தில் மூடி வைத்த தார்ப்பாயைத் தூக்கும்போதும் நெஞ்சு ஒரு முறை படபடக்கும். தானியமும் கிழங்கும் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும்தான் இந்தியாவில் அதிகம் பேரின் உயிரைக் குடிப்பவை. பாம்புக்கடியால் இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறக்கிறார்கள் என்று 2020-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

நான்கில் கட்டுவிரியன்தான் ரொம்பவும் பயப்பட வேண்டிய ஆள். ராத்திரியில் வீட்டுக்குள் வரும். தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடித்தது பல நேரம் வலிக்காது, பல் பட்ட தடமும் சரியாகத் தெரியாது. விடிந்ததும் ‘வயிறு வலிக்குது, கண்ணைத் திறக்க முடியல’ என்பார்கள். அஜீரணம் என்று நினைத்து சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தால் நேரம் கைமீறிப் போய்விடும். கட்டிலில் படுப்பதும், தரையில் படுத்தால் கொசுவலையை பாய்க்கடியில் நன்றாகச் செருகிக்கொள்வதும் இந்த ஆபத்தைப் பெருமளவு குறைக்கும். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கை காலை அசைக்காமல் 108-ல் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். பாம்பைத் தேடி அடித்து, பையில் போட்டு எடுத்துப் போகவும் தேவையில்லை. இந்த நான்கு விஷத்துக்கும் ஒரே மருந்துதான். அந்த மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதியைக் கொடுப்பது, மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 2024 நவம்பர் முதல், பாம்புக்கடி நோயாளி வந்தால் மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்குத் தகவல் தர வேண்டும் என்ற விதியும் தமிழ்நாட்டில் இருக்கிறது.

கண்ணால் பார்த்த பாம்பைவிட, யாருமே பார்க்காத சிறுத்தைக்கு ஊர் நடுங்கியதும் உண்டு. 2023-ல் இதே நாமக்கல் மாவட்டத்தில், காவிரிக்கரைப் பக்கம் பரமத்தி வேலூரை அடுத்த இருக்கூர் பகுதியில் சிறுத்தை நடமாட்டம் நிஜமாகவே இருந்தது. கால்நடைகள் பலியாயின. வனத்துறை கூண்டு வைத்தது, கேமரா பொருத்தியது. அதுபோல எங்காவது ஒரு செய்தி வந்துவிட்டால் போதும், மாவட்டத்தில் உள்ள எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் சிறுத்தை ஒரே ராத்திரியில் சுற்றுப்பயணம் போய்விடும். எந்த மாநிலத்திலோ எப்போதோ எடுத்த வீடியோ ‘நம்ம ஊர் ஏரிக்கரை’ என்று வரும். காலையில் மண்ணில் தெரியும் தடத்தைச் சுற்றி வட்டம் போட்டுக் கூட்டம் நிற்கும். சின்ன அடையாளம் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொண்டால் பாதி பயம் போய்விடும். சிறுத்தை நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். தடத்தில் நகக்குறி தெரிந்தால், அது பெரும்பாலும் நம் தெருநாய்தான்.

இந்தப் பக்கத்து மிருகக் கதைக்கெல்லாம் மூத்த கதை ஒன்று புறநானூற்றில் இருக்கிறது. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், காட்டுப்பன்றி, கடைசியாகப் புற்றில் இருந்த உடும்பு என ஐந்தையும் வீழ்த்தியதாக வன்பரணர் பாடியிருக்கிறார். ஒவ்வோர் ஆடிப்பெருக்கின் போதும் மலையில் ஓரிக்கு அரசு விழா நடக்கிறது. அந்த ஐந்தில் யானையும் புலியும் இன்று கொல்லிமலையில் இல்லை. மான் எப்போதாவது கண்ணில் படும். உடும்பு அங்கங்கே ஒளிந்து திரிகிறது. ஐந்தில் குறையாமல் இருப்பது பன்றி மட்டும்தான்.

காட்டுப்பன்றிக்கு ரொம்பப் பிடித்தது குச்சிக்கிழங்கு. சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போக வேண்டிய கிழங்கு அது. பத்து மாதம் காத்திருந்து எடுக்க வேண்டிய பயிரை ஒரு குடும்பம் வந்து, மூக்கால் மண்ணைக் கிளறி, ஒரே ராத்திரியில் புரட்டிப் போட்டுவிடும். தின்றது பாதி, மிதித்தது பாதி. ஒரு தாய்ப்பன்றி ஓர் ஈற்றில் நாலு முதல் ஆறு குட்டிகள் வரை போடும் என்பதால் அடுத்த வருடம் வரும் குடும்பம் இன்னும் பெரிதாக இருக்கும்.

ஆத்திரத்தில் சிலர் செய்யும் காரியம்தான் குலைநடுங்க வைக்கிறது. வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் பாய்ச்சி வேலி போடுகிறார்கள். மும்முனை மின்சாரம் ராத்திரியில் வரும்போது மோட்டார் போடப் போகிறவர் யார்? பக்கத்துக் காட்டு விவசாயி. இருட்டில் அந்தக் கம்பி அவர் காலில் பட்டாலும் அதே ஷாக்தான். தமிழ்நாட்டில் இப்படிப் பன்றிக்கு வைத்த வேலியில் மனிதர்கள் செத்த செய்தி வராத வருடமே இல்லை எனலாம். 2023-ல் வந்த விதிகளின்படி சூரிய மின்வேலியைக்கூட வனத்துறையிடம் பதிவு செய்துதான் போட வேண்டும். பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காயைக் கடித்து வாய் கிழிந்து, தீவனம் எடுக்க முடியாமல் சாகும் மாடுகளின் கதை இன்னும் கொடுமை.

2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடவும் கூடாது, பிடிக்கவும் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் மட்டும் சுடலாம். காகிதத்தில் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், மலையடிவாரத்தில் நிலம் வைத்திருக்கும் சின்ன விவசாயிக்குத்தான் சேதம் அதிகம். அவர் காடு இருப்பதோ அந்த முதல் கிலோமீட்டரில். அவருக்கு மிஞ்சுவது இழப்பீட்டு விண்ணப்பமும் பரண் மேல் ராத்திரிக் காவலும்.

அதனால் கைவைத்தியங்கள் தொடர்கின்றன. முடி வெட்டும் கடையில் மூட்டையாக முடி வாங்கி வந்து வரப்பு ஓரம் தூவுகிறார்கள். பன்றி மண்ணை மோந்துகொண்டே வரும், முடி மூக்கில் ஏறினால் திரும்பிவிடும் என்பது நம்பிக்கை. மழை பெய்தால் இன்னொரு மூட்டை வேண்டும். இன்னொன்று சேலை வேலி. வீட்டில் உள்ள பழைய சேலைகளை ஒன்றோடொன்று முடிந்து, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று காட்டைச் சுற்றிக் கட்டிவிடுகிறார்கள். தூரத்தில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஏதோ கோயில் திருவிழா போலத் தெரியும். காற்றில் சேலை படபடக்கும்போது உள்ளே ஆள் இருப்பதாக நினைத்துப் பன்றி தயங்குமாம். ஆனால் நாலைந்து நாளுக்கு ஒருமுறை சேலைகளை அவிழ்த்து இடம் மாற்றிக் கட்ட வேண்டும். ஒரே இடத்தில் ஒரே சேலை தொங்கினால், பன்றி அதற்கும் பழகிவிடும்.