பிடித்தம்

சம்பளப் பட்டி எழுதுவதே நமது தொழில். நாகபுரியில் ஓர் இரயில்வே அலுவலகத்தின் மூலையில் அமர்ந்து, யாருக்கு எவ்வளவு, எதன் பொருட்டுப் பிடித்தம் என்று கணக்கிடுவதிலேயே பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்துவிட்டன. ஆதலால் 'பிடித்தம்' என்னும் சொல்லை எங்கே கண்டாலும் நம் கண் அங்கே நின்றுவிடுகிறது. வேலையில்லாதோர்க்கு அளிக்கும் உதவித்தொகையைத் தண்டனையாகக் குறைத்த ஜெர்மனி நாட்டு வழக்கொன்றைப் படித்தபோதும் அவ்வாறே ஆயிற்று.

அந்நாட்டில் 2005ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டம், காட்டிய வேலையை ஏற்க மறுப்போர்க்கு முதன்முறை நூற்றுக்கு 30, மறுமுறை 60 எனத் தொகையைக் குறைத்தது; மூன்றாம் முறை முழுவதையும் நிறுத்தியது. ஒவ்வொரு தண்டனையும் மூன்று மாதம். எர்ஃபுர்ட் நகரத்தார் ஒருவர் 2014இல் கிடங்கு வேலையை மறுத்தார்; விற்பனைத் துறையே வேண்டும் என்றார். பின்னர் அத்துறையில் பயிற்சிக்கு அளித்த சீட்டையும் அவர் பயன்படுத்தவில்லை. 391 யூரோவில் 234.60 யூரோ போயிற்று.

பொதுப்பணத்தை வாங்கிக்கொண்டு வேலையை மறுக்கலாமா என்று வரி கொடுப்போர் கேட்பதில் தவறில்லை. நாமும் வரி கொடுப்பவர்தாம். ஆயினும் நம் நாட்டில் 1936ஆம் ஆண்டு ஊதியச் சட்டம், தொழிலாளிக்கு விதிக்கும் அபராதம் கூலியில் நூற்றுக்கு 3க்கு மேற்படலாகாது என்றது. கடன் முதலிய பிடித்தங்கள் எல்லாம் சேர்ந்தும் பொதுவாகப் பாதியைத் தாண்டலாகாது. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் இவ்வரம்புகளைக் கைவிடவில்லை. சம்பளம் வாங்குவோனுக்கு இத்தகைய வேலி இருக்க, உயிர் வாழ்வதற்கென்றே அளந்து கொடுத்த தொகைக்கு வேலி இல்லாதிருப்பது எவ்வாறு பொருந்தும்?

அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2019 நவம்பர் 5ஆம் நாள் இதற்கு விடை கூறிற்று. 30க்கு மேற்பட்ட குறைப்பு அன்றிருந்த வடிவில் செல்லாது. 30லும் பெருந்துன்பம் விளையுமிடத்து விலக்கு வேண்டும். அவர் ஒத்துழைக்க முன்வந்த பின்னரும் மூன்று மாதம் முடியட்டும் என்று காத்திருத்தலும் தகாது. இவ்வளவு சொல்லியும் 2024இல், வேலையை விடாப்பிடியாக மறுப்போர்க்கு வாடகை நீங்கலான அடிப்படைத் தொகையை இரண்டு மாதம் வரை நிறுத்த இடந்தரும் திருத்தம் வந்தது.

ஒத்துழையாமை! காந்தியடிகள் 1920இல் பெருமை பெறச் செய்த சொல். அலுவலகக் கோப்பிலோ அது குற்றத்தின் பெயர். வேண்டுமென்றே மறுத்தவரும், வந்த கடிதத்தைப் படிக்கவியலாதவரும் அங்கே ஒரே கட்டத்தில் எழுதப்படுகின்றனர். மொழி வேறுபட்ட ஊரில் குடித்தனம் நடத்தும் நம்மவர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

நம் அடுத்த வீட்டு ஓய்வூதியப் பெரியவர், மனைவியின் கண் சிகிச்சைக்காகச் சொந்த ஊர் சென்றிருந்தார். நவம்பரில் கொடுக்கவேண்டிய உயிர்வாழ் சான்று தவறிற்று. நினைவூட்டி வந்த கடிதம் இந்தியில் இருந்தது. அதுவும் பூட்டிய கதவின் கீழே கிடந்தது. ஓய்வூதியம் நின்றது. "தம்பி, நான் உயிரோடிருக்கிறேன் என்று யாரிடம் சொல்ல?" என்று கேட்டார். நின்றது அவர் பெயரிலுள்ள தொகை. அரிசி குறைந்தது அம்மாளுக்கும் சேர்த்துத்தான். சான்று கொடுத்த பின் நிலுவை முழுவதும் வந்து சேர்ந்தது. அடகு வைத்த வளையலை வட்டியோடு மீட்பதற்குள் சித்திரை பிறந்துவிட்டது.