பள்ளத்தாக்கில் மூன்று தடங்கள்

சமவெளியில் ஓடுகிறவன் தூரத்தை எண்ணுகிறான். மலையில் ஓடுகிறவன் ஏற்றத்தை எண்ணுகிறான். தில்லியில் லோதி பூங்காவிலும் நேரு பூங்காவிலும் காலையில் ஓடும் அன்பர்களிடம் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டால் போதும். அவர்களுடைய உழைப்பின் அளவு விளங்கிவிடும். மூணாற்றில் அது பாதிக் கேள்விதான். அங்கே ஐந்து கிலோமீட்டர் என்பது, எந்தத் தடத்தில் ஓடுகிறோம் என்பதைப் பொறுத்து, அரைமணி நேரமாகவும் இருக்கும். ஒன்றேகால் மணி நேரமாகவும் இருக்கும்.

மூணாறு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவ்வுயரத்தில் காற்றின் அழுத்தம் சமவெளியில் உள்ளதைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. ஆதலால் புதிதாக வந்தவர்க்கு முதல் இரண்டு நாளும் மூச்சு முந்திக்கொள்ளும், கால் பிந்திவிடும். பின்னர் உடல் பழகிக்கொள்ளும். விளையாட்டு வீரர்க்கான உயர்மலைப் பயிற்சி மையம் ஒன்று அங்கே அமைந்திருப்பதற்கும் இதுவே காரணம். நான் அப்பள்ளத்தாக்கிலே பிறந்தவன். தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் மகன். விடுப்பில் போகும்போதெல்லாம் காலைதோறும் ஓடுகிறேன். ஓடிப் பழகிய தடங்கள் மூன்று. ஒவ்வொன்றையும் ஒவ்வொருவர் அமைத்தனர்.

முதல் தடத்தை அமைத்தது ஆறு. நல்லதண்ணியும் குண்டளையும் முதிரப்புழையும் கூடும் இடமாதலால்தான் ஊருக்கு மூணாறு என்று பெயர். கடைத்தெருவிலிருந்து பழைய மூணாறு நோக்கி, ஆற்றை ஒட்டியே சாலை செல்கிறது. இங்கே ஏற்றம் மிகக் குறைவு. தொடக்கக்காரர்க்கு ஏற்ற வழி. இதே நீர்தான் கீழே பள்ளிவாசலில் 1940ஆம் ஆண்டிலிருந்து மின்சாரமாகிறது. கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் அது. காலை ஏழு மணிக்குமேல் இந்தச் சாலை ஓடுகிறவனுக்கு உரியதன்று. சுற்றுலா வண்டிகளுக்கு உரியது. 2015 செப்டம்பரில் ஒன்பது நாள் அது வண்டிகளுக்கும் உரியதாக இல்லை. கூலி உயர்வும் போனசும் கேட்டு, தலைவர்களை நம்பாமல், தோட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வந்து நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். அவர்கள் அமர்ந்திருந்த இடத்தைக் கடக்கும்போது என் கால்கள் தாமாகவே வேகம் குறைக்கின்றன.

இரண்டாம் தடத்தை அமைத்தது தொடர்வண்டி. மூணாற்றில் தொடர்வண்டியா என்று அன்பர்கள் வியக்கக்கூடும். 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளத்தின்மேல் காளைகள் இழுத்துச் சென்ற வண்டி வந்தது. 1908இல் அதற்குப் பதிலாக இரட்டைத் தண்டவாளமிட்டு நீராவி வண்டியை ஓட்டினார்கள். மாட்டுப்பட்டி வழியாக டாப் ஸ்டேஷன் வரை தேயிலைப் பெட்டிகள் அதில் சென்றன. அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கிப் போடிநாயக்கனூர் சேர்ந்தன. 1924 ஜூலையில் பெய்த பெருமழையும் வெள்ளமும் அந்தப் பாதையை அழித்துவிட்டன. பின்னர் யாரும் அதை மீண்டும் அமைக்கவில்லை. தொடர்வண்டி நிலையமாயிருந்த கட்டடம் தேயிலை நிறுவனத்தின் அலுவலகமாயிற்று.

வண்டி போய்விட்டது, அது சென்ற பள்ளத்தாக்கு வழி நிலைத்துவிட்டது. தொடர்வண்டி செங்குத்தாக ஏறாது. மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி, ஏற்றம் தெரியாமல் ஏறுவதே அதன் இயல்பு. மூணாற்றிலிருந்து மாட்டுப்பட்டி வரை 13 கிலோமீட்டர் சாலையும் பெரும்பாலும் அவ்வாறே அமைந்திருக்கிறது. நீண்ட தூரம் ஓட விரும்புகிறவர்க்கு இதனினும் நல்ல வழி அப்பள்ளத்தாக்கில் இல்லை. இருபுறமும் வெட்டிச் சமன்செய்த தேயிலை, இடையிடையே சில்வர் ஓக் மரங்கள், வளைவு திரும்பியதும் அணைநீர். ஒரே சாரியாக மூச்சுவிட்டு ஓடலாம்.

மூன்றாம் தடத்தை யாரும் திட்டமிட்டு அமைக்கவில்லை. கொழுந்து பறிக்கிறவர்கள் நடந்து நடந்து உண்டான ஒற்றையடிப் பாதை அது. லயத்திலிருந்து காட்டுக்கும், காட்டிலிருந்து எடை போடும் இடத்துக்கும் குறுக்காகச் செல்லும். தேயிலை நிற்கும் நிலத்தைத் தோட்டத்தில் காடு என்றே சொல்வோம். ஒவ்வொரு காட்டுக்கும் ஓர் எண் உண்டு. சுமையைத் தலையில் ஏற்றியவர்க்கு வளைந்து செல்ல நேரமில்லை. ஆகவே அப்பாதை வளையாமல் நேரே ஏறும். ஓர் அடி அகலம், மழைநீர் வடியும் காண்கள், வழுக்கும் செம்மண். நான் பள்ளிக்கு ஓடிய பாதை இதுதான். இன்று காலணி அணிந்து, கைக்கடிகாரத்தில் இதயத்துடிப்பைப் பார்த்துக்கொண்டு நான் இளைத்து நிற்கும் இடத்தில், என் அன்னை முப்பது ஆண்டுகள் கொழுந்துச் சுமையோடு ஏறினார். அதற்கு உடற்பயிற்சி என்று யாரும் பெயர் வைக்கவில்லை.

ஓட விரும்பும் அன்பர்களுக்குச் சில சொல்ல வேண்டும். விடியுமுன் ஓடாதீர்கள், யானை நடமாட்டம் உண்டு. ஜூன் முதல் ஆகஸ்டு வரை அட்டைகளும் மண்சரிவும் உண்டு. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியதில் 70 பேர் மாண்டனர். பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். காட்டு வழிகளில் வனத்துறையின் அனுமதியின்றி நுழையாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணி மலைக்காட்டுத் தீயில் மலையேறச் சென்ற இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்ததை மறக்கலாகாது. அந்தப் பசுமை பார்ப்பதற்கு மென்மையானது, பழகுவதற்கு அப்படியன்று.

இனி என்னைப் பற்றிய ஒரு செய்தி. மத்திய அரசுப் பணியாளர் தம் சொந்த ஊரைப் பணிப்பதிவேட்டில் அறிவிக்க வேண்டும். சொந்த ஊருக்கான விடுப்புப் பயணச் சலுகை அவ்வூருக்கே கிடைக்கும். என் பதிவேட்டில் மூணாறு என்று இருக்கிறது. ஆனால் லயத்து வீடு வேலையோடு சேர்ந்தது. அம்மா ஓய்வு பெற்றதும் வீட்டை ஒப்படைத்துவிட்டுச் சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்தில் தம்பியோடு தங்கிவிட்டார். நாங்கள் வாழ்ந்த வீட்டில் இன்று வேறொரு குடும்பம் வாழ்கிறது, அவர்களும் உழைப்பவர்களே. நான் ஊருக்குப் போனால் வாடகை அறையில் தங்குகிறேன்.

சொந்த ஊரைப் பணிக்காலத்தில் ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம், சங்கரன்கோவில் என்று மாற்றிவிடுங்கள் என்கிறார் உடன் பணிபுரியும் நண்பர். அவர் சொல்வது முறையானதே. சொந்த ஊர் எது என்பதைத் தீர்மானிக்க விதிகள் கேட்கும் கேள்விகளில் சில இவை: அங்கே வீடு உண்டா? நெருங்கிய உறவினர் நிலையாக வாழ்கின்றனரா? பணியில் சேருமுன் அங்கே வாழ்ந்ததுண்டா? மூணாற்றைப் பொறுத்தவரை முதலிரண்டுக்கும் இல்லை என்பதே என் விடை. மூன்றாவதற்கு மட்டும் ஆம்.

ஆயினும் நான் மாற்றவில்லை. மூணாற்றில் ஓடிமுடித்த ஒவ்வொரு காலையும் அம்மா தொலைபேசியில் கேட்கிறார்: "எய்யா, இன்னைக்கு எந்த வழியாப் போன? பத்தாம் நம்பர் காட்டுல கவாத்து வெட்டியாச்சா?" நான் கண்டதைச் சொல்கிறேன். எந்தக் காட்டில் கொழுந்து தளிர்த்திருக்கிறது, எந்தக் காண் உடைந்திருக்கிறது, எங்கே புதுச் செடி நட்டிருக்கிறார்கள் என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டு அறிகிறார். இடமில்லாத ஊரில் என் ஓட்டத்தின் வழியே அவர் இன்னும் நடந்துகொண்டிருக்கிறார். விதிப்புத்தகத்தில் இதற்கு இடமிருக்கிறதா என்று நான் தேடவில்லை.

அடுத்த விடுப்பில் அவரையும் அழைத்துச் செல்வதாக இருக்கிறேன். அவருடைய பயணச் செலவு என்னுடையது. முழங்கால் வலியோடு அவரால் ஒற்றையடிப் பாதையில் ஏற இயலாது. மாட்டுப்பட்டிச் சாலையில், ஏற்றம் தெரியாத அந்த வழியில், இருவரும் மெல்ல நடப்போம். அன்று நான் ஓடப்போவதில்லை.