மாலத்தீவுக் கடலில் பெருமீன்களுடன்

மாலத்தீவு வடக்கிலிருந்து தெற்காக ஏறத்தாழ 870 கிலோமீட்டர் நீளும் தீவுச் சங்கிலி. ஏறக்குறைய 1,190 சிறு தீவுகள், பவளம் கட்டிய 26 வளையங்களின் மேல் சிதறிக் கிடக்கின்றன. அந்த வளையத்துக்கு உலகெங்கும் வழங்கும் ‘அட்டோல்’ என்ற பெயரே இந்நாட்டின் திவெஹி மொழியிலிருந்து போனதுதான். வளையத்துக்கு உள்ளே கடல் ஆழம் குறைந்து அமைதியாக இருக்கும். வெளியே பவளச்சுவர் சரிந்து இருட்டுக்குள் இறங்கிவிடும். சுறாவும் திருக்கையும் திமிங்கிலச் சுறா எனப்படும் அம்மணி உளுவையும் இவ்வளவு எளிதாகக் கண்ணில் படும் வெதுவெதுப்பான கடல் உலகில் மிகச் சிலவே. நீரின் வெப்பம் ஆண்டு முழுவதும் 27 முதல் 30 பாகை செல்சியஸ் வரை இருப்பதால் குளிர்காப்பு உடை பற்றிய கவலையும் இல்லை.

பெருமீன்களைக் காண்பது பெரும்பாலும் காற்றையும் நீரோட்டத்தையும் பொறுத்தது. மே முதல் நவம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்பரப்பு நீரைக் கிழக்கு நோக்கித் தள்ளுகிறது. அப்போது மிதவை நுண்ணுயிர்கள் அட்டோல்களின் கிழக்கு ஓரத்தில் செறிகின்றன. ஜனவரி முதல் மார்ச் வரையிலான வடகிழக்குக் காற்றில் இது அப்படியே திரும்பிவிடும். நுண்ணுயிரை மேய்பவை கலங்கிய பக்கத்துக்குப் போகும். தெளிந்த நீரில் சுறாவைத் தேடுபவர்கள் எதிர்ப்பக்கத்துக்குப் போவார்கள். பயணத்தின் மாதத்தை முடிவு செய்யும்போதே எதைப் பார்க்கப் போகிறோம் என்பதும் பாதி முடிவாகிவிடுகிறது.

பயணிகள் பெரும்பாலும் ஒரு வாரம் கடலிலேயே தங்கும் கப்பலில் அட்டோல் அட்டோலாகச் செல்கிறார்கள். முக்குளிப்புக் கருவிகளுடன் ஒரு படகு கூடவே வரும். அதை அங்கே ‘தோனி’ என்கிறார்கள். தோணி என்று சொல்லும் தமிழருக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பவள வளையத்தில் அங்கங்கே இருக்கும் திறப்புகளுக்குக் ‘கண்டு’ என்று பெயர். கடல் ஏறும்போதும் வற்றும்போதும் அட்டோலின் நீர் பெரும்பாலும் இந்த வாய்கள் வழியாகவே போய்வர வேண்டும் என்பதால் ஓட்டம் ஆற்று வெள்ளம்போல் இழுக்கும். நீர் வெளிக்கடலிலிருந்து உள்ளே வரும் நேரமே முக்குளிப்புக்கு உகந்தது. அப்போது நீர் தெளிந்திருக்கும், சுறாக்களும் வாயிலில் ஓட்டத்தை எதிர்த்து அணிவகுத்து நிற்கும். வாவு அட்டோலில் ஒரு வாய்க்கு ‘மியாரு கண்டு’ என்றே பெயர். மியாரு என்றால் சுறா.

இங்கே இறங்கும் முறை நிதானமானதல்ல. மிதவைச் சட்டையில் காற்றே இல்லாமல் தோனியிலிருந்து குதித்து, தலைகீழாக நேரே கீழே நீந்த வேண்டும். மேற்பரப்பில் தயங்கினால் ஓட்டம் வாயைத் தாண்டி உள்ளே கொண்டுபோய்விடும். 25 மீட்டர் ஆழத்தில் வாயின் விளிம்பு வரும். உயிருள்ள பவளத்தைத் தொடாமல், வெற்றுப் பாறையில் ஒரு கொக்கியை மாட்டி, அதில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு பட்டம்போல் மிதக்க வேண்டும். அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றே ஒன்றுதான் உண்டு: காத்திருப்பது. பொழுதுபோக்கு முக்குளிப்புக்கு மாலத்தீவுச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 30 மீட்டர். அந்த ஆழத்தில் அழுத்தம் தரையில் உள்ளதைப்போல் நான்கு மடங்கு. ஒவ்வொரு மூச்சுக்கும் நான்கு மடங்கு காற்று செலவாகும். இரத்தத்தில் நைட்ரஜன் சேர்வதால் அங்கே இருபது நிமிடத்துக்கு மேல் தங்குவதும் ஆகாது. பதறி மூச்சு வாங்குபவரின் காற்று உருளை பத்து நிமிடத்தில் காலியாகும். நிதானமாக மூச்சு விடுபவருக்கு முழு நேரமும் கிடைக்கும். சுறாவும் அவரிடம்தான் நெருங்கி வருகிறது. அதன் உடலின் இரு பக்கமும் ஓடும் பக்கக்கோட்டு உணர்வுறுப்பு நீரின் சிறு அதிர்வையும் அறியும்; மூக்கைச் சுற்றியுள்ள லொரன்சினி நுண்குழிகள் உயிர்களின் தசை எழுப்பும் மெல்லிய மின்புலத்தைக்கூட உணரும். கைகால் அடிக்கும் மனிதர் அதற்கு ஒரு பெரும் இரைச்சல். அசையாமல் இருந்தால் சாம்பல் நிறத் திட்டுச்சுறாக்கள் வாலை அதிகம் அசைக்காமல் மிதந்தபடி சில மீட்டர் தொலைவில் வரிசையாக நிற்பதைக் காணலாம். விளிம்பில் மோதி மேலெழும் நீர் அவற்றைத் தாங்குகிறது. பருந்து காற்றில் நிற்பதற்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை.

தமிழ்க் கடலில் சுறாவுக்கும் குளியாளுக்கும் இருந்த உறவு வேறு. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள், சுறாவின் வாயைக் கட்டும் மந்திரம் அறிந்த ‘கடல் கட்டி’ கரையில் நின்று ஓதினால்தான் இறங்குவார்கள். ஆங்கிலேய ஆட்சியும் அவருக்குக் கூலி கொடுத்து வைத்திருந்தது. கல்லைக் காலில் மாட்டி மூச்சடக்கிப் போனவர்களின் அச்சத்தை, கண்ணாடியும் காற்றும் பெற்ற இன்றைய முக்குளிப்பாளர் எளிதாக எண்ணிவிடக் கூடாது. நீருக்கடியில் மூச்சுவிட உதவும் காற்றுச் சீராக்கியைப் பிரெஞ்சுக்காரர்களான கூஸ்தோவும் காஞனும் உருவாக்கியது 1943இல்தான். ஆஸ்திரியரான ஹான்ஸ் ஹாஸ் தம் ‘சரிஃபா’ கப்பலில் 1957–58 பயணத்தின்போது மாலத்தீவில் முக்குளித்துச் சுறாக்களையும் பவள வளையங்களையும் ஆராய்ந்தார். சுற்றுலா விடுதிகள் வந்தது அதற்கும் பின்பு, 1972இல்.

சுறாக்கள் இன்றும் அங்கே இருப்பது தானாக நடந்ததல்ல. மாலத்தீவு மீனவர்கள் சூரையைத் தூண்டில் கழியால் ஒவ்வொன்றாகப் பிடிப்பவர்கள்; நம் சமையலறைகளில் சிலவற்றுக்கு வரும் மாசிக் கருவாடு அப்படிப் பிடித்த சூரைதான். ஆனால் துடுப்புக்காகவும் ஈரல் எண்ணெய்க்காகவும் தனியாகச் சுறா வேட்டை வளர்ந்தது. 1990களின் தொடக்கத்தில் ஓர் ஆய்வு கணக்குப் போட்டுக் காட்டியது: முக்குளிப்பாளர்கள் விரும்பிச் செல்லும் ஒரு திட்டில் வாழும் ஒரு சாம்பல் சுறா ஆண்டுக்கு 33,500 டாலர் சுற்றுலா வருவாய் தருகிறது, அதையே பிடித்து விற்றால் மீனவருக்குக் கிடைப்பது 32 டாலர். அம்மணி உளுவைக்கு 1995இலேயே பாதுகாப்பு வந்துவிட்டது. எல்லாச் சுறாக்களுக்குமான தடை 2010இலும், திருக்கைகளுக்கானது 2014இலும் வந்தன. பணத்தைக் காட்டித்தான் ஓர் உயிரைக் காக்க முடிந்தது என்பது வருத்தம் தரும் செய்தி. ஆனால் காத்தது காத்ததே.

ராஸ்து அட்டோலில் பொழுது விடியும் முன் இறங்கினால், ஆழத்திலிருந்து கொம்பன் சுறாக்கள் மேலே வருவதைக் காணும் வாய்ப்பு உண்டு. வாவு அட்டோலின் அலிமதா தீவில் இரவில் செவிலிச் சுறாக்கள் விளக்கொளியில் மனிதரின் தோளை உரசிச் செல்லும். பலரும் வியக்கும் காட்சி அது. ஆனாலும் இரை காட்டிப் பழக்கிய கூட்டம் என்பது பார்க்கும்போதே தெரிகிறது. கண்டுவின் விளிம்பில் கிடைக்கும் நிறைவு அதில் இல்லை.

தெற்கு அரி அட்டோலின் தென் விளிம்பில் அம்மணி உளுவை ஆண்டு முழுவதும் உண்டு. உலகின் மிகப் பெரிய மீன் இது. ஆயினும் இங்கு வருபவை பெரும்பாலும் வளர்ந்து முடியாத ஆண்கள், ஆறு மீட்டர் அளவில். இது 1,900 மீட்டருக்கும் கீழே இறங்கக்கூடியது. அந்தக் குளிரிலிருந்து ஏறி வெயில் படும் நீரில் உடலைச் சூடேற்றிக்கொள்கிறது என்பது இங்கே அது மேற்பரப்பில் திரிவதற்குச் சொல்லப்படும் ஒரு விளக்கம். அதன் முதுகுப் புள்ளிகள் மனிதரின் கைரேகைபோல் ஒன்றுக்கொன்று மாறுபடும். படங்களில் அவற்றை ஒப்பிட, விண்மீன் வரைபடங்களைப் பொருத்துவதற்கென வானியலாளர்கள் செய்த கணிமுறையையே உயிரியலாளர்கள் எடுத்தாண்டார்கள். உடலிலிருந்து மூன்று மீட்டரும் வாலிலிருந்து நான்கு மீட்டரும் விலகி நீந்த வேண்டும் என்பது விதி. பல உளுவைகளின் முதுகில் படகு விசிறி கிழித்த தழும்புகள் இருக்கின்றன. பத்துப் படகுகள் ஒரே மீனைச் சூழும் நாளில் அந்தத் தழும்புகளின் காரணம் நேராகவே தெரியும்.

பா அட்டோலின் ஹனிஃபாரு விரிகுடா ஒரு முட்டுச்சந்து போன்றது. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் ஓட்டம் கொண்டுவரும் நுண்ணுயிர்கள் இதற்குள் வந்து வெளியேற வழியின்றிச் சுழல்கின்றன. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெருநீர் நாட்களில் அவற்றை உண்ணக் கொம்புத் திருக்கைகள் திரளும்; சில நாட்களில் நூறைத் தாண்டும். ஒன்றன் பின் ஒன்றாக வாய் திறந்து வட்டமிட்டு, அந்த வட்டமே ஒரு சுழலாகிவிடும். மூன்று மீட்டருக்கும் மேல் அகலமுள்ள உடல்கள் ஒன்றையொன்று இடிக்காமல் திரும்புவது மறக்க முடியாத காட்சி. இந்தத் திருக்கையின் வாலில் நஞ்சு முள் கிடையாது. ஒரு சூலுக்கு ஒரு குட்டிதான் ஈனும் என்பதால், பிடித்து அழித்தால் மீள்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். 2009இல் பாதுகாப்புப் பெற்று, 2011இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகத்தின் பகுதியான இந்த விரிகுடாவில் இப்போது காற்று உருளையுடன் இறங்கத் தடை. குமிழிகள் மேய்ச்சலைக் கலைப்பதால், மேற்பரப்பில் மூச்சுக்குழாயுடன் மிதந்துதான் பார்க்கலாம். முக்குளிப்பாளருக்கு இது இழப்பாகத் தோன்றலாம். திருக்கைக்கு இதுவே சரி.

தெற்குக் கோடியில், நிலநடுக்கோட்டைத் தாண்டியதும், ஃபுவமுலா என்ற ஒற்றைத் தீவு அட்டோல் ஆழ்கடல் நடுவே நிற்கிறது. புலிச்சுறாவுக்குப் பெயர் பெற்ற இடம். மீனவர்கள் சூரையை வெட்டிக் கழிவைத் துறைமுகத்தில் எறிவதால் அவை துறைமுக வாய்க்கருகிலேயே கூடுகின்றன. ஏழு ஆண்டுகளில் உடற்குறிகளை வைத்து 239 தனித்தனிப் புலிச்சுறாக்களை ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். பெரும்பாலானவை பெண்கள், அவற்றில் சினைச்சுறாக்களும் உண்டு. முக்குளிப்பு பத்து மீட்டர் அளவு ஆழத்தில்தான் நடக்கிறது. சூரைத் தலைகளைக் கல்லுக்கு அடியில் வைத்துவிட்டு, எல்லோரும் பாறைக்கு முதுகு காட்டி வரிசையாக இருப்பார்கள். விதிகள் சில: கையை உடலோடு ஒட்டி வைக்க வேண்டும், வரும் சுறாவின் கண்ணை விட்டுப் பார்வையை எடுக்கக் கூடாது, முதுகைக் காட்டி விலகக் கூடாது. நாம் பார்க்காதபோது பின்னாலிருந்து வந்து சோதிக்கும் இயல்புடையது புலிச்சுறா. நான்கு மீட்டர் நீளமும் பீப்பாய்போன்ற வயிறும் கொண்ட விலங்கு, முகத்துக்கு நேரே வந்து கடைசி நொடியில் திரும்பும்போது விலாவில் மங்கிய வரிகள் தெரியும். அதில் வெறி எதுவும் இருப்பதில்லை. நீண்ட விசாரணைதான் இருக்கிறது. ஆனாலும் இரை வைக்கும் இந்த முறையில் ஆபத்து இல்லை என்று சொல்லுவது தவறு.

உடலில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேற, கடைசி முக்குளிப்புக்கும் விமானத்துக்கும் இடையே குறைந்தது 18 மணி நேரம் வேண்டும். 24 மணி நேரம் இருந்தால் நல்லது. ஃபுவமுலாவில் அந்த நாள் வீணாவதில்லை. தீவில் இரண்டு நன்னீர் ஏரிகள் இருக்கின்றன. மாலையில் படகுகள் திரும்பியதும் துறைமுகச் சுவரில் சூரை வெட்டும் வேலை தொடங்கும். செவுளும் குடலும் நீரில் விழும் இடத்தில், சுவருக்குக் கீழேயே, அகன்ற பழுப்பு நிழல் ஒன்று வந்து திரும்பிப் போகும்.