ஆண்டார்குப்பம் முதல் ஜீரோ கேட் வரை

செங்குன்றம் சாலையும் பொன்னேரி நெடுஞ்சாலையும் ஆண்டார்குப்பத்தில் வந்து சேர்கின்றன. நாற்பது அடிப் பெட்டியைச் சுமந்த ஒரு டிரெய்லர் அந்தச் சந்திப்பில் திரும்பி முடிக்கும்வரை மாநகரப் பேருந்து, ஷேர் ஆட்டோ, பள்ளிப் பிள்ளையைப் பின்னால் ஏற்றிய ஸ்கூட்டர் எல்லாம் நின்று வழிவிடுகின்றன. மணலியைச் சுற்றிக் கன்டெய்னர் யார்டுகள். ஏற்றுமதிச் சரக்கு இங்கே பெட்டிக்குள் போய், கதவில் சீல் விழுந்து, ராயபுரம் பக்கம் இருக்கும் சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கிப் புறப்படும். தூரம் இருபது கிலோமீட்டருக்குள்தான். சாலை காலியாக இருந்தால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் இந்தத் தடத்தில் வண்டி ஓட்டுகிறவர்கள் தூரத்தைப் பேசுவதில்லை. "கியூ எதுவரைக்கும் நிக்குது?" என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி.

காசிமேடு வரை என்றால் பரவாயில்லை. திருவொற்றியூர் வரை என்றால் அன்றைய ராத்திரி போச்சு. எர்ணாவூரையும் தாண்டிவிட்டது என்றால் அரிசி பருப்பு வாங்கிக்கொண்டு ஏற வேண்டும்.

கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளில் இந்த வரிசை பல கிலோமீட்டர் நீண்டதும், ஒரு பெட்டியை உள்ளே சேர்க்க ஒரு நாள், இரண்டு நாள், சில சமயம் அதற்கு மேலும் ஆனதும் நாளிதழ்களில் திரும்பத் திரும்ப வந்த செய்தி. செய்தியோடு வரும் படமும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். உயரத்திலிருந்து எடுத்தது, அடிவானம் வரைக்கும் பெட்டிகள். லாரி தெரியும், ஆள் தெரியமாட்டார். அந்தக் கேபின்களுக்குள் உட்கார்ந்து நேரத்தைத் தின்றுகொண்டிருப்பவர்களின் முகம் எப்படி இருக்கும் என்று படம் சொல்லாது.

வடசென்னை என்றதும் கேமராக்கள் தேடுவது வேறு. மணலி சுத்திகரிப்பு ஆலையின் உச்சியில் எரியும் தீ, புகைபோக்கிகள், கறுத்த கால்வாய். 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டிலேயே மிக மோசமாக மாசடைந்த தொழிற்பகுதிகளின் பட்டியலில் மணலியைச் சேர்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியின் எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, மீனவர்கள் வெறுங்கையால் எண்ணெயை வழித்தெடுத்த படங்களை நாடே பார்த்தது. அந்தப் படங்கள் வேண்டியவை. அவை இல்லையென்றால் பாதிச் செய்தி வெளியே வந்திருக்காது. ஆனால் விபத்து நாள்கள் ஆண்டில் சில. மீதி நாள்களில் இந்த வட்டாரத்தின் மனிதர்கள் அதிகம் செய்யும் காரியம் காத்திருப்பது. ஷிப்ட் பேருந்துக்கு, ரயில்வே கேட் திறப்பதற்கு, தண்ணீர் லாரிக்கு, நிவாரணப் பட்டியலில் பெயர் வருவதற்கு. அதற்குப் படம் இல்லை.

காத்திருப்பைப் படம் பிடிக்க முடியாது என்பதல்ல காரணம். புகைப்படத்துக்கு முதலில் வசப்பட்டதே அசையாமல் நின்ற மனிதன்தான். 1838இல் பாரிஸில் லூயி டகேர் ஒரு பெரிய வீதியை மாடியிலிருந்து எடுத்தார். ஒரு படம் பதிய நிமிடக்கணக்கில் ஆன காலம் அது. ஓடிய வண்டிகளும் நடந்த கூட்டமும் தகட்டில் ஒட்டவே இல்லை; தெருமுனையில் ஷூவுக்குப் பாலிஷ் போட நின்ற ஒருவர் மட்டும் பதிந்தார். புகைப்படத்தில் அகப்பட்ட முதல் மனிதர் என்று சொல்லப்படுபவர் அவர். மதராஸ் மாகாணத்துக்காக லின்னேயஸ் டிரைப் 1857, 58இல் ஸ்ரீரங்கத்தையும் தஞ்சாவூரையும் மதுரையையும் எடுத்த படங்களில் கோபுரமும் தூணும் துல்லியமாக நிற்க, ஆட்கள் அரிதாகவே தென்படுவதற்கும் நீண்ட நேரப் பதிவு ஒரு காரணம். 1995இல் மும்பை சர்ச்கேட் நிலையத்தில் ரகு ராய் எடுத்த புகழ்பெற்ற படத்திலும் இதே விதிதான்: விரைகிற கூட்டம் மூட்டமாகக் கரைந்துபோக, நாளிதழ் விரித்துப் படித்துக்கொண்டிருக்கும் சிலர் மட்டும் தெளிவாக இருக்கிறார்கள்.

ஆண்டார்குப்பத்திலிருந்து தெற்கே வந்தால் எம்.எஃப்.எல். சந்திப்பு. 1960களின் பிற்பாதியில் இந்தப் பகுதியின் தலையெழுத்தை மாற்றிய இரண்டு பெரிய ஆலைகள் இந்தச் சாலையை ஒட்டியவை: 1966இல் தொடங்கப்பட்ட எம்.எஃப்.எல். என்ற உர நிறுவனம், 1969இல் இயங்கத் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. டேங்கர் லாரிகள் ஒரு பக்கம், பெட்டி லாரிகள் ஒரு பக்கம். நடுவில் மணலிக்காரர்கள்.

பெட்டியும் காத்திருக்கும். 2015இல் சுங்கத்துறை பறிமுதல் செய்த சுமார் 740 டன் அம்மோனியம் நைட்ரேட், 37 பெட்டிகளில், மணலியில் உள்ள ஒரு சரக்குப் பெட்டி நிலையத்தில் ஐந்து ஆண்டு கிடந்தது. 2020 ஆகஸ்ட் 4ஆம் தேதி பெய்ரூட் துறைமுகம் அதே ரசாயனத்தால் வெடித்துச் சிதறியது. அதன் பிறகுதான் மணலிப் பெட்டிகள் தலைப்புச் செய்தியாயின. ஏலம் எடுத்தவர்களுக்காக அவை அந்த மாதமே ஹைதராபாத்துக்கு லாரி ஏறத் தொடங்கின. ஐந்து ஆண்டில் நகராதவை சில நாளில் நகர்ந்தன. அதுவரை அவற்றுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்கள் எதன் அருகில் உறங்கினோம் என்றே அறியாமல் இருந்தார்கள்.

சாத்தங்காட்டைத் தாண்டி மணலி விரைவுச் சாலை பக்கிங்காம் கால்வாயையும் கும்மிடிப்பூண்டி ரயில் பாதையையும் கடந்து எர்ணாவூர் பக்கம் கடலோரச் சாலையைத் தொடுகிறது. இங்கே வலதுபுறம் திரும்பினால் வரிசை. முன்னால் நிற்கும் டிரெய்லரின் பின்கதவும் அதில் பெயிண்ட் உதிர்ந்த எண்களும்தான் இனி டிரைவருக்குக் காட்சி.

மத்தியான வெயிலில் அந்த வரிசை எப்படி இருக்கும்? டிரெய்லரின் அடியில், இரண்டு சக்கரங்களுக்கு நடுவே, லுங்கியைத் தூளியாகக் கட்டி ஒருவர் படுத்திருப்பார். சாலையோரப் பாறைகளின் மேல் துவைத்த சட்டை காயும். பம்ப் ஸ்டவ்வில் குழம்பு கொதிக்கும். தென்மாவட்டத்துக்காரரும் பீகார்க்காரரும் அடுத்தடுத்த வண்டிகளில் இருந்தால் ரசமும் சப்பாத்தியும் கை மாறும். சைக்கிளில் கேன் கட்டிய டீக்காரர் ஒவ்வொரு கேபினாகத் தட்டிக்கொண்டே வருவார்.

"அண்ணே, காலைல இங்கதான நின்னீங்க?"

"அப்பவும் இதே போஸ்ட்டுக்குக் கீழதான் தம்பி. ரெண்டு போடு, சக்கரை கம்மியா."

இதை ஓய்வு என்று நினைத்தால் தவறு. முன்வண்டி எந்த நிமிடமும் இருபது அடி நகரும். அந்த இருபது அடியை உடனே நிரப்பாவிட்டால் பக்கவாட்டில் நிற்கும் வண்டி மூக்கை நுழைத்துவிடும். மணிக்கணக்காகக் காத்த இடம் போய்விடும். ஆகவே இரவு இரண்டு மணிக்கும் ஒரு கண் திறந்தே இருக்கும். டீசல் திருட்டு, பேட்டரி திருட்டு பயம் வேறு. வரிசையை விட்டு நெடுநேரம் இறங்கிப் போகவும் முடியாது, நின்ற இடத்தில் கழிப்பறையும் கிடையாது. வேலையும் இல்லை, ஓய்வும் இல்லை என்ற இந்த நிலைதான் சலிப்பின் மிகக் கடுமையான வடிவம். செல்போனில் டேட்டா தீர்ந்த பிறகு அது இன்னும் நீளும்.

இந்த வரிசைக்குக் காரணம் ஒன்றல்ல. துறைமுகம் நகரத்துக்கு நடுவில் இருக்கிறது. நாட்டின் முதல் தனிக் கன்டெய்னர் முனையம் 1983 டிசம்பரில் இங்கேதான் இந்திரா காந்தியால் திறந்துவைக்கப்பட்டது. இன்று ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளைக் கையாளும் துறைமுகத்துக்குச் சாலை மட்டும் அந்த வேகத்தில் வளரவில்லை. எண்ணூர், மணலி சாலைகளை அகலப்படுத்தும் திட்டம் நிலம், குடியிருப்பு, மீள்குடியேற்றம் என்று பல ஆண்டு இழுத்தது. மதுரவாயலிலிருந்து துறைமுகம் வரை உயர்த்தப்பட்ட சாலைக்கு 2009 ஜனவரியில் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். 2012இல் வேலை நின்றது. கூவத்தில் தூண்கள் மட்டும் நின்றன. 2022 மே மாதம் அது ஈரடுக்குச் சாலையாக மறுபடி நரேந்திர மோடியால் அடிக்கல் கண்டது. கேட்டுக்குள்ளேயும் நுழைவு ஆவணமான பார்ம்-13இன் சரிபார்ப்பு, சுங்கத்துறையின் சீல் சோதனை என்று ஒவ்வொன்றும் சில நிமிடம் தின்னும். ஒரு வண்டிக்குச் சில நிமிடம் என்பது நூறு வண்டிக்குப் பின்னால் நிற்பவருக்கு ஒரு பகல்.

திருவொற்றியூரில் இடப்பக்கம் கடலைப் பார்த்தபடி பட்டினத்தார் சமாதி இருக்கிறது. கையிலிருக்கும் பேய்க்கரும்பு எங்கே இனிக்கிறதோ அங்கேதான் முக்தி என்று ஊர் ஊராக அலைந்தவர், அது இனித்த இந்த மணலில் அடங்கினார் என்பது வழக்கு. பெட்டி லாரிகளின் வரிசை அவர் வாசலையும் கடந்துதான் போகிறது. சில டிரைவர்கள் இறங்கி உள்ளே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள். நிழல் கிடைக்கும், குடிக்கத் தண்ணீர் கிடைக்கும்.

அங்கிருந்து காசிமேடு வரை கடலுக்கும் சாலைக்கும் நடுவே கருங்கல் தடுப்பு. துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் மணலோட்டத்தை மறித்ததால் தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் தொடங்கிக் கரை கரைந்தது. குப்பத்து மக்கள் கல்லின் மேல் உட்கார்ந்து கடலைப் பார்க்கிறார்கள். டிரைவர்கள் கேபினில் உட்கார்ந்து அவர்களைப் பார்க்கிறார்கள்.

காசிமேட்டில் காத்திருப்புக்கு ஒரு சட்டமே உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. படகுகள் நெருக்கியடித்துக் கட்டிக் கிடக்கும். வலை பின்னுதல், மரவேலை, பெயிண்ட், சீட்டாட்டம். அந்தக் காலத்துக்கு அரசு குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. போதாது என்று மீனவர்கள் சொல்வது நியாயம். ஆனாலும் காத்திருப்பதற்கும் செலவுண்டு என்று ஒரு அரசாணை ஒப்புக்கொள்கிறது. சாலையில் நிற்பவருக்கு அப்படி ஒன்றும் இல்லை. லாரி டிரைவருக்குப் பெரும்பாலும் டிரிப் கணக்கில்தான் பேட்டா. ஒரு டிரிப் மூன்று மணி நேரத்தில் முடிந்தாலும் முப்பது மணி நேரத்தில் முடிந்தாலும் டிரிப் ஒன்றே. ஹால்டிங் கட்டணம் என்று ஒன்று உண்டு. அது சரக்குக்காரருக்கும் வண்டி முதலாளிக்கும் நடுவில் பேசப்படுவது. அதில் டிரைவர் கைக்கு எவ்வளவு வரும் என்பது முதலாளியின் மனத்தைப் பொறுத்தது.

இந்த இடத்தில் புகைப்படம் பயன்படும். 1984, 85இல் பிரிட்டனில் வேலையில்லாதோர் உதவித்தொகை அலுவலகங்களுக்குப் போன பால் கிரஹாம், அனுமதி கிடைக்காததால் கேமராவை மறைவாக வைத்துக்கொண்டு எடுத்தார். படங்கள் கோணலாக இருக்கும். அழுக்குச் சுவர், பெஞ்சு, தலையைத் தொங்கப்போட்டுக் காத்திருப்பவர்கள், அவ்வளவுதான். ஒரு அரசு தன் மக்களை எப்படி உட்காரவைத்திருந்தது என்பதற்கு இன்றுவரை அந்தப் படங்கள் சாட்சி. நம் பக்கத்தில் மதுரையிலிருந்து வந்த பழனிகுமாரைச் சொல்ல வேண்டும். மீன் விற்ற தாயின் பிள்ளை. கழிவுநீர்க் குழிகளில் இறந்த தொழிலாளர்களின் குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து படமெடுத்தவர். கிராமப்புற வாழ்வை ஆவணப்படுத்தும் பாரி அமைப்பின் புகைப்படக்காரர். 2022இல் தயாநிதா சிங்-பாரி ஆவணப் புகைப்பட விருதை முதன்முதலாகப் பெற்றவர். அவர் வடசென்னைப் பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்துப் பழக்கியது விருதைவிடப் பெரிய காரியம். வெளியிலிருந்து வருபவர் புகையைப் பார்ப்பார். அங்கேயே பிறந்த பிள்ளைக்கு வாசலில் உட்கார்ந்திருக்கும் அம்மாவும் தெரியும்.

டிரைவர்களிடமும் அப்படிப்பட்ட படங்கள் இருக்கின்றன. வண்டி எங்கே நிற்கிறது என்று முதலாளி போனில் கேட்டால், கண்ணாடி வழியே முன்வண்டியின் முதுகை ஒரு கிளிக் அடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். 'நான் சும்மா இல்லை, நின்றுகொண்டிருக்கிறேன்' என்பதற்கு அதுதான் ருசு. மூன்று மணி நேரம் கழித்து இன்னொன்று. அதே முதுகு, அதே எண், வெளிச்சம் மட்டும் மாறியிருக்கும். தேதியும் மணியும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் பதிந்திருக்கும். அந்தப் படங்களை வரிசையாக அடுக்கினால் இந்தச் சாலையின் உண்மையான கணக்கு வந்துவிடும்.

காசிமேட்டைத் தாண்டினால் ராயபுரம். 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் வாலாஜாவை நோக்கிப் புறப்பட்ட நிலையம் இங்கே இன்றும் நிற்கிறது. நாட்டில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய நிலையக் கட்டடம். தூண் வைத்த அந்தக் கூடத்தில் தென்னாட்டின் முதல் ரயில் பயணிகள் காத்திருந்தார்கள். காத்திருப்பவருக்குக் கூரையும் நிழலும் வேண்டும் என்று அன்றைக்குக் கட்டியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. சற்றுத் தள்ளி ஜீரோ கேட். பெட்டி உள்ளே போனதும் டிரைவர் திரும்பிப் பார்ப்பதில்லை. அடுத்த பெட்டிக்கு மணலி போக வேண்டும்.

2016 முதல் சென்னைப் புகைப்படப் பெருவிழா நடந்துவருகிறது. ஊரில் நல்ல புகைப்படக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்கள் ஒரு முறை ஆலைத் தீயை விட்டுவிட்டு எர்ணாவூரில் இறங்கி, டிரைவர்களிடம் கேட்டு, அவர்கள் செல்போனில் இருக்கும் அந்தப் படங்களை வாங்கி, பெரிதாக்கி, ஒவ்வொன்றின் கீழும் மணியைப் போட்டு ராயபுரம் நிலையத்திலேயே மாட்டட்டும். துறைமுகமும் நெடுஞ்சாலைத் துறையும் மாநகராட்சியும் சேர்ந்து இந்த வரிசை நெடுகக் கழிப்பறையும் குடிநீரும் நிழலும் அமைக்கட்டும். கேட்டில் தரும் சீட்டில் வண்டி வரிசையில் சேர்ந்த நேரத்தையும் உள்ளே நுழைந்த நேரத்தையும் அச்சடித்து, இடைப்பட்ட மணிக்கான கூலியை டிரைவர் கையிலேயே கொடுக்க வேண்டும்.