பிரேக் ஆயில் எங்கே போகுது?

டிஸ்கி: நான் படிப்பது பி.காம். மெக்கானிக் இல்லை. இதைப் படித்துவிட்டு வண்டியைக் கழட்டிப் போட்டு என்னைத் திட்டக் கூடாது :)

எங்கள் வீட்டில் ஒரு பழைய மாருதி 800 இருக்கிறது. கம்பெனியே 2014 ஜனவரியோடு தயாரிப்பை நிறுத்திவிட்டது, அப்பா மட்டும் நிறுத்துவதாக இல்லை. போன மாதம் குடும்பத்தோடு அழகர்கோவில் போய், மேலே பழமுதிர்சோலையும் பார்த்துவிட்டு மலை இறங்கினோம். ஒரு வளைவில் அப்பா பிரேக்கை மிதிக்க, பெடல் பாதிக்கும் கீழே போய்விட்டது. ரெண்டு தடவை பம்ப் அடித்ததும் பிடித்தது. பின் சீட்டில் அம்மாவும் தங்கச்சியும் புளியோதரை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அப்பா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "பழைய வண்டி, அப்படித்தாண்டா"ன்னார். மிச்ச மலையை இரண்டாவது கியரில் உருட்டிக்கொண்டே இறங்கினோம்.

வீட்டுக்கு வந்து பானெட்டைத் திறந்தால் பிரேக் ஆயில் டப்பாவில் குறைந்தபட்சக் கோட்டுக்கும் கீழே. டிக்கியைத் திறந்தேன். உள்ளே பாதி பாதியாய் மூன்று பிரேக் ஆயில் பாட்டில்! அப்பா ரொம்ப நாளாக ஊற்றி ஊற்றித்தான் ஓட்டியிருக்கிறார். தெரு முனை மெக்கானிக் கொடுத்த யோசனையாம்.

காமர்ஸ் மக்களுக்குச் சட்டென்று புரியும். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டு அப்போதைக்குச் சமாளிப்போம் இல்லையா, அதேதான். பிரேக் ஆயில் பெட்ரோல் மாதிரி எரிந்து தீராது. மூடிய குழாய்க்குள் நிற்கிற சரக்கு அது. பேட் தேயத் தேய மட்டம் கொஞ்சம் இறங்கும், அதுவும் பல மாதத்தில். மாதா மாதம் குறைந்தால் எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஊற்றி நிரப்பினால் தப்பு மறையுமே தவிர சரியாகாது.

(பெயர்தான் ஆயில், அது ஆயிலும் இல்லை. இன்ஜின் ஆயிலை அதில் ஊற்றினால் உள்ளே இருக்கிற ரப்பர் சீல் எல்லாம் ஊதிப் பாழாகிவிடும். திறந்து வைத்த பாட்டில் காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். டாட் 3 வகை புதிதில் 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது, ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரி தாங்கினால் போதும் என்பதுதான் விதி. ஆக அந்த மூன்று பாட்டிலும் குப்பைக்கு.)

ஞாயிற்றுக்கிழமை தேட ஆரம்பித்தோம். முதல் வேலை, ராத்திரியே வண்டிக்கடியில் பழைய அட்டைப்பெட்டியை விரித்து வைத்தது. காலையில் பின்பக்கம் ஒரு எட்டணா அளவுக்குக் கறை. ஏசி தண்ணீர் என்றால் காய்ந்திருக்கும். இன்ஜின் ஆயில் என்றால் கறுப்பாக இருக்கும். இது தேன் நிறத்தில் வழவழவென்று இருந்தது.

பெடலே பாதிக் கதையைச் சொல்லிவிடுமாம். பஞ்சு மாதிரி அமுங்கினால் குழாய்க்குள் காற்று. காலை வைத்துக்கொண்டே இருக்க மெல்ல மெல்ல இறங்கி, வெளியே சொட்டு ஒழுகலும் இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் சீல் போயிருக்கும். பெடல் கீழே போய், பம்ப் அடித்தால் மேலே வந்து கல் மாதிரி நின்றால் பின் சக்கர ஷூவை அட்ஜஸ்ட் பண்ண வேண்டியிருக்கும். எங்களுடையது பம்ப் அடித்தால் மேலே வந்தது, ஆனால் பஞ்சு மாதிரி. அட்டையிலும் கறை.

பின்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி ஸ்டாண்ட் கொடுத்தோம். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகாதீர்கள், ப்ளீஸ். பின்னால் தூக்கியபோது ஹேண்ட் பிரேக்கால் பிரயோஜனமில்லை, அது பிடிப்பதே பின் சக்கரத்தைத்தான். முன் சக்கரத்துக்குச் செங்கல் வைத்தோம். சக்கரங்களின் உள்பக்கம் காய்ந்திருந்தது, அதனால் வீல் சிலிண்டர் தப்பித்தது. ரப்பர் ஹோஸை வளைத்துப் பார்த்தோம், வெடிப்பு இல்லை. மிச்சம் இரும்புக் குழாய். பின் ஆக்ஸிலுக்குப் பக்கத்தில் ஒரு கிளிப் அதைப் பிடித்திருக்கிறது. கிளிப்புக்கும் குழாய்க்கும் நடுவில் வருஷக்கணக்கில் நம்மூர்ச் செம்மண் அடைந்து, மழைக்கு மழை ஈரத்தை வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. துணியால் துடைத்துவிட்டு தங்கச்சியை மிதிக்கச் சொன்னேன். துருவுக்கு நடுவிலிருந்து முத்து மாதிரி ஒரு சொட்டு எழுந்து வந்தது. கணக்கில் காணாமல் போன பத்து ரூபாயைக் கண்டுபிடித்த மாதிரி ஒரு சந்தோஷம். அடுத்த நொடியே மலை இறங்கினது ஞாபகம் வந்து வயிறு கலங்கிவிட்டது.

குழாய் முழுசாக உடைந்திருந்தால்? மாஸ்டர் சிலிண்டரில் இரண்டு தனித்தனிப் பாதை உண்டு. ஒன்று போனாலும் இன்னொன்று பிடிக்கும், ஆனால் ரொம்ப தூரம் ஓடிப்போய்த்தான் நிற்கும். அந்த வளைவில் அவ்வளவு தூரம் ரோடு இல்லை.

தெரு முனை மெக்கானிக் பார்த்துவிட்டு, "அந்த இடத்தை மட்டும் வெட்டி, ரப்பர் டியூப் போட்டு கிளாம்ப் முறுக்கிருவோம் தம்பி"ன்னார். கார் டயரில் 30 பி.எஸ்.ஐ. காற்று அடிக்கிறோம். ஓங்கி மிதிக்கும்போது பிரேக் குழாயில் ஆயிரத்தையும் தாண்டும். அதற்கு ரப்பர் டியூபா! "வேண்டாம்ணே"ன்னு சொல்லிவிட்டேன். செம்புக் குழாய் யோசனையும் வந்தது. அது அதிர்ந்து அதிர்ந்து இறுகி ஒருநாள் வெடிக்கும். முனை விரித்த ரெடிமேட் இரும்புக் குழாயும், புது பாட்டில் ஒன்றும் வாங்கினோம்.

(இந்தப் பிரேக் சமாசாரத்தில் மதுரைக்கும் ஒரு பங்கு உண்டு. 1911ல் இங்கே ஆரம்பித்த டி.வி.எஸ். குடும்பம்தான் இங்கிலாந்து லூகாஸோடு சேர்ந்து 1962ல் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கியது. கிர்லிங் என்ற பெயர் அந்த வழியாக வந்ததுதான்.)

இப்போது என் பிரதாபம். துருப்பிடித்த நட்டில் சாதாரண ஸ்பேனரைப் போட்டு ஒரே இழுப்பு, நட்டின் மூலை மழுங்கிவிட்டது. அதற்கென்று ஃப்ளேர் நட் ஸ்பேனர் இருக்கிறது என்பதே அப்புறம்தான் தெரியும். கடைசியில் நான் வேண்டாமென்று அனுப்பிய அதே அண்ணன் வந்து வைஸ் கிரிப் போட்டுக் கழட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. சிரிப்பை மட்டும் நிறுத்தவில்லை.

குழாயை மாட்டியதும் காற்று எடுக்கும் வேலை. மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்ப தூரத்தில் இருக்கிற இடது பின் சக்கரத்தில் ஆரம்பித்து கிட்டே கிட்டே வர வேண்டும். அப்பா பெடலில், நான் சக்கரத்தடியில். "மிதிங்க." "பிடிங்க." நான் திருகைத் திறந்து, குமிழி வந்ததும் மூடுவேன். "விடுங்க." மூடும் முன் பெடலை விட்டால் மறுபடி காற்று உள்ளே போய்விடும். நடுவில் டப்பா காலியாகாமல் தங்கச்சி ஊற்றிக்கொண்டே இருந்தாள். நான் காலேஜ் சேர்ந்ததிலிருந்து அப்பாவும் நானும் சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் பேசியது அன்றைக்குத்தான், மூன்றே வார்த்தை என்றாலும்.

பெடல் இப்போது மேலேயே நிற்கிறது. ஆளில்லாத ரோட்டில் மெதுவாக ஓட்டி, பத்துப் பன்னிரண்டு தடவை நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் அம்மாவை ஏற்றினோம். அட்டைப்பெட்டியை இன்னும் எடுக்கவில்லை. தினமும் காலையில் பேப்பரை எடுக்க வாசலுக்குப் போகிற அப்பா, முதலில் வண்டிக்கடியில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் பேப்பரை எடுக்கிறார்.