சௌக்கியந்தான்!

எங்கள் குன்றாண்டார்கோவிலில் குடைவரைச் சிவன் கோயிலுக்கு முன்னே கல் மண்டபம் ஒன்று இருக்கிறது, நேயர்களே! சக்கரமும் குதிரையுமாகத் தேர் போலவே செதுக்கியிருக்கிறார்கள். "இதில் ஏறித்தான் அப்பா துபாய்க்குப் போனாரா?" என்கிறான் என் பையன்.

நமக்கு இரவு 10.30 என்றால் அங்கே 9 மணி. வேலை முடிந்து அவர் பேசும்போது பையன் தூங்கிவிடுவான். சென்ற வாரம் அவனுக்கு 102 டிகிரி ஜுரம். "எல்லோரும் சௌக்கியமா?" என்றார். "சௌக்கியந்தான்" என்றேன். மாமியார் முறைத்தார். பத்திரிகைக்காரி பொய் சொல்லலாமா என்று நீங்களும் கேட்காதீர்கள். சொன்னால் அவருக்குச் சோறு இறங்குமா?

ஜுரம் விட்ட பிறகுதான் சொன்னேன். சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு மெதுவாக, "போன மாதம் நானும் நாலு நாள் படுத்துவிட்டேன்" என்றார்.

தூங்கிய பையனை எழுப்பிப் போனைக் கொடுத்தேன்.